பிரிட்டனி: ஓதம் நிற்கும் இடத்தில் ஊர், ஊர்களைக் கோத்தது சாலை

பாரிசிலிருந்து வாடகைக் காரில் பிரிட்டனிக்குச் செல்லவிருக்கும் ஒருவர் மூன்று கேள்விகளை ஒன்றாகக் கேட்டிருந்தார். அங்கே முக்கியமான ஊர்கள் எவை, அவற்றை இணைக்கும் சாலைகளை வரைபடத்தில் எப்படிப் புரிந்துகொள்வது, பிரான்சின் மற்ற பகுதிகளில் எல்லாம் சுங்கச்சாவடி இருக்க இங்கே மட்டும் ஏன் இல்லை என்பவை அந்தக் கேள்விகள். பட்டியலாகச் சொல்லிவிட்டால் பத்து வரியில் முடிந்துவிடும். ஆனால் அந்த ஊர்கள் ஏன் அந்தந்த இடத்தில் இருக்கின்றன என்று தெரிந்துகொண்டால் சாலைகளை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இருக்காது என்பதால், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பிரான்சின் மேற்கு மூலையில் அட்லாண்டிக்குக்குள் நீண்டு கிடக்கும் தீபகற்பம்தான் பிரிட்டனி. பிரெஞ்சில் பிரெத்தாஞ், அங்கத்திய பிரெத்தோன் மொழியில் பிரெய்ஸ். இன்றைய மண்டலத்தின் பரப்பு ஏறத்தாழ 27,200 சதுர கிலோமீட்டர். மக்கள் தொகை சுமார் 34 லட்சம். கிழக்கே இல்-ஏ-விலேன், வடக்கே கோத்-தார்மோர், தெற்கே மொர்பியான், மேற்குக் கோடியில் ஃபினிஸ்தேர் என்று நான்கு மாவட்டங்கள். ஃபினிஸ்தேர் என்ற பெயருக்கு லத்தீனில் 'நிலத்தின் முடிவு' என்று பொருள். அதே மாவட்டத்தைப் பிரெத்தோன் மொழி 'பென்-அர்-பெத்' என்கிறது. அதற்கு 'உலகின் தலை' என்று பொருள். பாரிசிலிருந்து பார்ப்பவனுக்கு முடிவாகத் தெரிவது அங்கே பிறந்தவனுக்குத் தலையாகத் தெரிகிறது. இந்தப் பார்வை வேறுபாடு சாலைகளின் கதையிலும் வரும்.

இந்தக் கடற்கரை நேர்க்கோடாக இல்லை. சின்னச் சின்ன ஆறுகள் பாறையை அறுத்து உண்டாக்கிய பள்ளத்தாக்குகளுக்குள் கடல் ஏறி வந்து, ஐந்து முதல் இருபது கிலோமீட்டர் வரை உள்நாட்டுக்குள் நுழைந்து நிற்கிறது. ஒவ்வொரு நாளும் இரண்டு முறை ஓதம் ஏறும், இரண்டு முறை வற்றும். வற்றும்போது வெறும் சேறு. ஏறும்போது கப்பல் மிதக்கும் ஆழம். அப்படியான கழிமுகத்தை அந்தக் காலத்தில் பாலம் கட்டிக் கடக்க முடியாது. ஓதத்தின் வலு குறைந்து ஆறு ஒடுங்கும் இடம் வரை மேலே போனால்தான் பாலம் கட்ட முடியும். கடலிலிருந்து கப்பல் வரக்கூடிய கடைசி இடமும் அதுதான். நிலவழியாக வரும் வண்டி ஆற்றைக் கடக்கக்கூடிய முதல் இடமும் அதுதான். இரண்டும் சந்திக்கும் அந்த இடத்தில் சந்தை கூடியது, தேவாலயம் எழுந்தது, ஊர் வளர்ந்தது. தினான், லானியோன், மொர்லே, லாந்தெர்னோ, ஷாத்தோலேன், கெம்பேர், கெம்பெர்லே, என்பொன், ஓரே ஆகிய எல்லாமே இந்த விதிப்படி அமைந்த ஊர்கள். இவற்றை வரிசையாகக் கோத்தால் கடற்கரைக்கு இணையாக, ஆனால் கடலைத் தொடாமல் போகும் சாலை கிடைத்துவிடுகிறது. பிரிட்டனியின் இரண்டு பெரிய நெடுஞ்சாலைகளும் அப்படிப்பட்டவைதாம். கடலோரமாகக் காரோட்டப் போகிறோம் என்று எண்ணிக் கிளம்புகிறவர்கள், வழியெல்லாம் வயலும் வேலியும் மட்டுமே கண்டு ஏமாந்துபோவது இதனால்தான்.

கெம்பேர் என்ற பெயரே பிரெத்தோன் மொழியில் இரண்டு ஆறுகள் கூடும் இடத்தைக் குறிக்கும். நாம் கூடுதுறை என்போமே, அதுதான். அங்கே கூடுவன ஓதே, ஸ்தேர் என்னும் ஆறுகள். கெம்பெர்லே என்றால் எல்லே ஆற்றின் கூடல். கிழக்கே மண்டலத் தலைநகரான ரென் நகரின் ரோமானியர் காலத்துப் பெயர் கொந்தாத்தே. அதுவும் ரோமானியருக்கு முன்பிருந்தே அங்கே பேசிய பழைய கோல் மொழியில் கூடலையே குறிக்கும். இல், விலேன் ஆறுகள் கூடுகிற அந்த இடத்தின் பெயராலேயே மாவட்டமும் இல்-ஏ-விலேன் என்று அழைக்கப்படுகிறது. மண்டலத்தின் இரு முனைகளிலும் ஒரே பொருளுள்ள பெயர்கள் இரு வேறு மொழிகளில் நிற்கின்றன.

ரென்னிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் பாரிசிலிருந்து வருகிற எல்லாமே அங்கே வந்துதான் பிரிகின்றன. இரண்டே கால் லட்சம் பேர் வசிக்கும் நகரம். பல்கலைக்கழகங்களும் நிர்வாகமும் அதன் இரு தூண்கள். 1720ஆம் ஆண்டுத் தீவிபத்தில் மரவீடுகள் நிறைந்திருந்த நகர மையம் எரிந்துபோனதால், இன்று மையத்தில் ஒரு பாதி நேர்த்தெருக்களும் கல் கட்டடங்களுமாகவும், தீ எட்டாத மறுபாதி கோணல்மாணலான மரவீடுகளாகவும் நிற்கிறது. 2002இல் முதல் மெட்ரோ தடமும் 2022இல் இரண்டாவது தடமும் வந்தன. இந்த அளவுள்ள நகரத்துக்கு இரண்டு மெட்ரோ தடங்கள் என்பது சற்று ஆடம்பரம்தான். காரில் வருகிறவருக்கு முக்கியமானது நகரைச் சுற்றி முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓடும் வட்டச்சாலை, என்-136 ('என்' தேசியச் சாலை, 'டி' மாவட்டச் சாலை, 'ஏ' மோட்டார் சாலை). சக்கரத்தின் ஆரக்கால்கள் போல எல்லாச் சாலைகளும் அதிலிருந்துதான் கிளம்புகின்றன. வடமேற்கே பிரெஸ்ட் செல்லும் என்-12, தென்மேற்கே லோரியான் செல்லும் என்-24, தெற்கே நாந்த் செல்லும் என்-137, கிழக்கே பாரிஸ் திசையில் என்-157, வடகிழக்கே நார்மண்டியின் கான் நகருக்கு ஏ-84, வடக்கே சேன் மாலோவுக்கு டி-137 ஆகியவை அவை. வெளியேறும் வாயில்களுக்கு சேன் மாலோ வாயில், லோரியான் வாயில், நாந்த் வாயில் என்று போகும் ஊரின் பெயரையே இட்டிருப்பதால் குழப்பம் குறைவு. ஆனாலும் மாலை ஐந்தரைக்கு மேல் அந்த வட்டச்சாலையில் நுழைவதைத் தவிர்க்கும்படி சொல்வேன்.

என்-12 ரென்னிலிருந்து பிரெஸ்ட் வரை ஏறத்தாழ 240 கிலோமீட்டர். நூறு கிலோமீட்டர் போனதும் சேன் பிரியூ வரும். இது கோத்-தார்மோர் மாவட்டத்தின் தலைமையிடம். கூவே, கூவெதிக் என்னும் இரு ஆழமான பள்ளத்தாக்குகளுக்கு நடுவே மேட்டில் அமர்ந்திருக்கிறது. ஊரின் நடுவே நின்று 'கடல் எங்கே' என்று கேட்கத் தோன்றும். அது பள்ளத்தாக்கின் அடியில் லெகே துறைமுகத்தில் இருக்கிறது. அடுத்தது கேங்கான். ஏழாயிரம் பேர் வசிக்கும் ஊர் பிரான்சின் முதல் நிலைக் கால்பந்தாட்டத்தில் பல பருவங்கள் விளையாடியிருக்கிறது என்பதே அதன் பெருமை. கேங்கானிலிருந்து வடமேற்கே பிரியும் டி-767 லானியோனுக்குப் போகும். அதற்கு அப்பால் உள்ள பிளூமர்-பொதூ என்னும் சிற்றூரில்தான் 1962 ஜூலையில், டெல்ஸ்டார் செயற்கைக்கோள் வழியாக அட்லாண்டிக்கைக் கடந்து வந்த முதல் தொலைக்காட்சிப் படத்தைப் பிடித்தார்கள்.

மொர்லேயில் நிற்காமல் போகக்கூடாது. விரைவுச்சாலையை விட்டு ஊருக்குள் இறங்கினால், நகரச் சதுக்கத்தின் தலைக்கு மேலே குறுக்காக, 62 மீட்டர் உயரத்தில் 292 மீட்டர் நீளத்துக்கு ஒரு கருங்கல் ரயில் பாலம் நிற்கிறது. 1860களின் தொடக்கத்தில் பாரிஸ்–பிரெஸ்ட் ரயில் பாதைக்காகக் கட்டியது. கீழே மரவீடுகளும் கடைகளும். அவற்றின் கூரைகளுக்கு மேலே இரண்டு அடுக்கு வளைவுகள். அதற்கும் மேலே ரயில். கீழடுக்கில் பாதசாரிகள் நடந்து கடக்கவும் வழி உண்டு. 1943 ஜனவரியில் பிரித்தானிய விமானங்கள் இந்தப் பாலத்தைக் குறிவைத்துக் குண்டு வீசியபோது பாலம் தப்பியது. கீழே இருந்த ஊர் அடிபட்டது. ஓதம் முடியும் இடத்தில் ஊர், அதற்கு மேலே ஓதத்தைப் பொருட்படுத்தாமல் தாவிப் போகும் பாதை என்று நான் மேலே சொன்ன முழுக்கதையையும் ஒரே காட்சியில் இங்கே பார்த்துவிடலாம்.

மொர்லேக்கு வடக்கே ரோஸ்கோப் துறைமுகம். பூக்கோசும் கூனைப்பூவும் விளையும் அந்த வட்டாரத்தின் விவசாயிகள், விலை வீழ்ச்சியைக் கண்டித்து 1961 ஜூனில் மொர்லேயின் துணை ஆட்சியர் அலுவலகத்துக்குள் புகுந்து அதைக் கைப்பற்றினார்கள். அவர்களின் தலைவர்களில் ஒருவரான அலெக்சி கூர்வெனெக்கின் முன்முயற்சியில், விளைபொருளை நேரே இங்கிலாந்துக்கு அனுப்ப 1973 ஜனவரியில் ரோஸ்கோப்–பிளிமத் கப்பல் தொடங்கியது. இன்று சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் பிரிட்டனி ஃபெர்ரீஸ் நிறுவனம் பூக்கோசு ஏற்றிய லாரிகளில்தான் பிறந்தது.

சாலையின் முடிவில் பிரெஸ்ட். ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பேர். அகலமான உள்கடலும் அதற்குக் குறுகிய வாயிலும் இருப்பதால் மன்னரின் முதன்மை அமைச்சர் ரிஷ்லியூ 1631இல் கடற்படைத் தளத்துக்கு இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். இன்றும் பிரான்சின் அணு ஆயுத நீர்மூழ்கிகள் எதிர்க்கரையில் உள்ள இல்-லோங் தளத்தில்தான் நிற்கின்றன. 1944 முற்றுகையில் ஊர் தரைமட்டமானது. பிறகு நேர்க்கோடுகளால் அவசரமாகக் கட்டிய சாம்பல் நிற நகரம் எழுந்தது. அழகான ஊர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், எனக்குப் பிடிக்கும் என்பது வேறு விஷயம். 2012இல் டிராமும் 2016இல் பென்ஃபெல்த் ஆற்றின் மேலே கம்பிவட ஊர்தியும் வந்தன. ஐரோப்பிய எண்வரிசையில் ஈ-50, ஈ-60 என்னும் இரண்டு நெடுஞ்சாலைகளுமே இங்கிருந்துதான் தொடங்குகின்றன. ஈ-60 கருங்கடலோரம் ருமேனியாவின் கான்ஸ்டான்சாவைத் தொட்டு, கடலுக்கு அப்பாலும் தொடர்கிறது. உலகின் தலை என்ற பெயர் வெறும் பெருமைப் பேச்சு அல்ல.

பிரெஸ்டிலிருந்து தெற்கே திரும்பும் என்-165 மற்றொரு நெடுஞ்சாலை. அது கெம்பேர், லோரியான், வான் வழியாக நாந்த் வரை ஏறத்தாழ 300 கிலோமீட்டர். கிளம்பியதுமே எலோர்ன் கழிமுகத்தைக் கடக்க வேண்டும். 1930 வரை இந்த இடத்தில் பாலம் கிடையாது. ஆகவே பிரெஸ்டிலிருந்து கெம்பேர் செல்லும் வண்டி, கழிமுகத்தைச் சுற்றிக்கொண்டு லாந்தெர்னோவுக்குப் போய், அங்கே ஆற்றைக் கடந்து, மறுகரையில் திரும்பி வர வேண்டியிருந்தது. லாந்தெர்னோவின் ரோஆன் பாலத்தின் மேல் இன்றும் வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். ஐரோப்பாவில் இப்படி மிச்சமிருக்கும் பாலங்கள் மிகக் குறைவு. பொறியாளர் ஃபிரெய்சினே மூன்று பெரிய கான்கிரீட் வளைவுகளால் கட்டிய ஆல்பெர் லூப் பாலம் 1930இல் திறக்கப்பட்டதும் அந்தச் சுற்றுவழி முடிந்தது. 1944இல் ஜெர்மானியர் ஒரு வளைவைத் தகர்த்தார்கள்; போருக்குப் பிறகு மீண்டும் கட்டினார்கள். 1994இல் பக்கத்திலேயே நடுக்கண் 400 மீட்டர் அகலமுள்ள இருவாஸ் கம்பிவடப் பாலம் வந்தது. இப்போது கார்கள் அதில் பறக்க, பழைய பாலத்தில் சைக்கிள்காரர்களும் நடப்பவர்களும் மெதுவண்டிகளும் போகிறார்கள். கையில் அரைமணி நேரம் இருந்தால் பழைய பாலத்தில் நடந்து பாருங்கள். ஒரு பக்கம் துறைமுகம், மறு பக்கம் கழிமுகம், காலடியில் ஓதம்.

கெம்பேர் பழைய கொர்னுவாய் பகுதியின் தலைநகரம். அறுபதாயிரத்துக்குச் சற்று மேல் மக்கள். சேன் கொராந்தேன் பேராலயத்தின் கூடம் நேராக இல்லாமல் ஒருபக்கம் வளைந்திருப்பதை வாசலில் நின்றாலே காணலாம். கையால் தீட்டிய பீங்கான் பாத்திரங்களுக்குப் பேர்போன ஊர். அங்கிருந்து மேற்கிலும் தெற்கிலும் மீன்பிடித் துறைமுகங்கள். அவற்றில் கொங்கார்னோ பெரியது.

கெம்பேரிலிருந்து சுமார் 70 கிலோமீட்டரில் லோரியான். மற்ற ஊர்களெல்லாம் ஓதத்தின் விதிப்படி தானாக வளர்ந்தவை. இது மட்டும் அரசாணையால் பிறந்தது. 1666இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கீழைக்கடல் வணிகத்துக்காகக் கப்பல் கட்டும் தளம் ஒன்றை இங்கே நிறுவியது. அங்கே கட்டிய பெரிய கப்பல் 'கிழக்கின் சூரியன்'. அதன் பெயரிலிருந்த 'கிழக்கு' என்னும் சொல்லே ஊருக்கும் பெயராக ஒட்டிக்கொண்டது. அந்தக் கிழக்கில் புதுச்சேரியும் அடக்கம். 1730களில் கம்பெனியின் ஏல விற்பனை நாந்திலிருந்து லோரியானுக்கு மாறிய பிறகு, சோழமண்டலக் கரையில் நெய்த துணி மூட்டை மூட்டையாக இங்கே வந்து இறங்கி விலைபோனது. எதிர்க்கரையில் போர்-லூயி கோட்டைக்குள் இருக்கும் கம்பெனி அருங்காட்சியகத்தைத் தமிழ்நாட்டிலிருந்தோ புதுச்சேரியிலிருந்தோ போகிறவர்கள் பார்க்காமல் வந்தால் அது அவர்களுக்குத்தான் நட்டம். லோரியான் நகரமோ 1943 குண்டுவீச்சில் அழிந்தது. குறிவைத்த ஜெர்மானிய நீர்மூழ்கித் தளம் மட்டும் கெரோமானில் இன்றும் அசையாமல் நிற்கிறது.

அடுத்து ஓரே, அதன் சேன் கூஸ்தான் துறையில்தான் அமெரிக்கத் தூதராக வந்த பெஞ்சமின் பிராங்க்ளின் 1776இல் பிரான்சில் கால் வைத்தார். இங்கிருந்து டி-768 வரலாற்றுக்கு முந்தைய கார்னாக் கல்வரிசைகள் பக்கமாகக் கிபெரோன் மூக்குக்குப் போகிறது. தீபகற்பத்தின் இடுப்பில் சாலைக்கும் ரயிலுக்கும் மட்டுமே இடமிருக்கும் அளவுக்கு நிலம் ஒடுங்கிவிடுவதால், ஆகஸ்டில் அந்தப் பதினைந்து, இருபது கிலோமீட்டரைக் கடப்பது பொறுமைக்குச் சோதனை. பிறகு வான். நம் ஆகாயத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. மதில் சூழ்ந்த பழைய ஊர். வாசலில் மொர்பியான் வளைகுடா. மொர் என்றால் கடல், பியான் என்றால் சிறியது. அந்தச் சிறுகடலே மாவட்டத்துக்கும் பெயர் தந்தது. வானுக்குக் கிழக்கே லா ரோஷ் பெர்னாரில் விலேன் ஆற்றைக் கடக்கிறோம். படகுத்துறையாக இருந்த இடத்தில் 1839இல் தொங்குபாலம் வந்தது. இன்றைய விரைவுச்சாலை செல்வது 1996இல் திறந்த மொர்பியான் பாலத்தின் மேல்.

நாந்த் பற்றி எச்சரிக்கையோடு எழுத வேண்டும். மூன்று லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள அந்த நகரம் இன்றைய பிரிட்டனி மண்டலத்தில் இல்லை. ஆனால் பிரிட்டனியின் பிரபுக்கள் வாழ்ந்த கோட்டை அங்கேதான் இருக்கிறது. 1941இல், ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்து விஷி அரசு நாந்த் இருக்கும் மாவட்டத்தைப் பிரிட்டனியிலிருந்து பிரித்தது. 1950களில் மண்டல எல்லைகள் வகுக்கப்பட்டபோது அது லுவார் பகுதியோடு சேர்ந்துவிட்டது. 'நாந்த் பிரிட்டனியில்' என்ற எழுத்தைச் சுவர்களிலும் பாலங்களிலும் இன்றும் காணலாம். நிர்வாக வரைபடம் என்ன சொன்னாலும் சாலை வரைபடத்தில் நாந்த் பிரிட்டனியோடு சேர்ந்ததுதான். தெற்குச் சாலையின் தொடக்கமும் ரென்னிலிருந்து 110 கிலோமீட்டரில் வரும் என்-137இன் முடிவும் அங்கேயே இருக்கின்றன.

குறுக்குச் சாலைகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். ரென்னிலிருந்து புளோயெர்மெல் வழியாக லோரியானுக்கு என்-24, சுமார் 150 கிலோமீட்டர். புளோயெர்மெல்லில் பிரிந்து வானுக்கு என்-166. வடகிழக்கில் லாம்பால், தினான், தோல் வழியாக நார்மண்டி எல்லையைத் தொடும் என்-176. மடாலயம் நிற்கும் பாறைத்தீவான மோன் சேன் மிஷேல் அந்த எல்லைக்கு அப்பால், நார்மண்டியில் இருக்கிறது. பிரிட்டனிக்காரர்கள் எவ்வளவு வருத்தப்பட்டாலும் எல்லையில் ஓடும் குவெனோன் ஆற்றின் மீது பழியைப் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

சேன் மாலோவுக்கு மட்டும் தனியாக ஒரு பத்தி தேவை. ரென்னிலிருந்து 70 கிலோமீட்டர். மதிலுக்குள் இருக்கும் ஊர் 1944 ஆகஸ்டில் எரிந்து, பழைய தோற்றத்திலேயே கல் கல்லாக மீண்டும் எழுப்பப்பட்டது. 1746இல் சென்னையை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றிய மாஎ தெ லா பூர்தொனே பிறந்த ஊர் இது. இந்த விரிகுடாவில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் பெரிய ஓதம் வரும் நாட்களில் 13 மீட்டரை எட்டும். எதிர்க்கரையில் கண்ணெதிரே தெரியும் தினாருக்குச் சாலைவழியாகப் போக, முன்பு தினான் வரை ஏறிச் சுற்றி வர வேண்டும்; ஏறத்தாழ 45 கிலோமீட்டர். 1966இல் ரான்ஸ் கழிமுகத்தின் குறுக்கே 750 மீட்டர் நீள ஓத மின்நிலையம் வந்தது. 240 மெகாவாட் திறனுள்ள அந்த அணையின் முதுகிலேயே சாலையும் போட்டார்கள். ஒரு சிக்கல் என்னவென்றால், படகுகள் கடந்து போக அணையில் ஒரு மதகுப்பெட்டி உண்டு. அதன் மேல் உள்ள பாலம் தூக்குபாலம். மணியடித்து, தடுப்புக் கட்டை இறங்கி, சாலையின் ஒரு துண்டு மேலே எழ, பாய்மரப் படகுகள் ஒவ்வொன்றாகக் கடந்து போகும்வரை கார்கள் இருபுறமும் நிற்கும். கோடையில் அந்த வரிசை நீண்டுவிடும். அவசரமாகப் போக வேண்டியவர்களுக்கு எரிச்சல்; குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நல்ல வேடிக்கை.

இனிச் சுங்கச்சாவடிக் கேள்வி. பாரிசிலிருந்து லெ மான் வழியாக ஏ-11, பிறகு ஏ-81 என்று கட்டணம் செலுத்திக்கொண்டே வருவீர்கள். லவாலைத் தாண்டி லா கிராவேல் என்னும் இடத்தில் கடைசிச் சாவடி. அதற்கு அப்பால் சாலை என்-157 ஆகிவிடுகிறது. அதன் பிறகு பிரெஸ்ட் வரை போய் நாந்த் வரை சுற்றி வந்தாலும் ஒரு காசு கொடுக்க வேண்டாம். விடுமுறை முடிந்து திரும்பும் பிரிட்டனிக்காரர்களுக்கு லா கிராவேல்தான் ஊர் எல்லை. ஏ-84க்கும் கட்டணமில்லை.

இதற்கு அங்கே எல்லாரும் சொல்லும் காரணம் அன் சீமாட்டி. பிரிட்டனியின் கடைசிச் சுதந்திர ஆட்சியாளரான அன், 1491இலும் 1499இலும் அடுத்தடுத்துப் பிரான்சின் இரண்டு மன்னர்களை மணந்தார். அந்தத் திருமண ஒப்பந்தத்தில், பிரிட்டனியின் சாலைகளுக்கு வரி விதிக்கக்கூடாது என்று எழுதி வாங்கினாராம். 1532இல் நாடு பிரான்சோடு இணைந்த பிறகும் அந்த வாக்கு நிற்கிறதாம். கேட்க இனிமையான கதை, ஆனால் உண்மையில்லை. நடந்தது 1960களின் அரசியல். 1950இல் உருவான பிரிட்டனி நலன்களுக்கான ஆய்வு, இணைப்புக் குழு, முன்னாள் பிரதமர் ரெனே பிளெவேன் தலைமையில், கட்சி வேறுபாடின்றி ஒரே வாதத்தை எடுத்து வைத்தது. ஐரோப்பியச் சந்தை ரைன் ஆற்றங்கரையில் கூடிக்கொண்டிருக்க, பிரிட்டனி தூரத்தாலேயே தண்டிக்கப்படுகிறது, அதன் மேல் சாலைக் கட்டணத்தையும் சுமத்தினால் தாங்காது என்பதே அந்த வாதம். 1968 மே 8 அன்று 'மேற்கு வாழ விரும்புகிறது' என்ற முழக்கத்தோடு மேற்கு நகரங்களில் பெரும் ஊர்வலங்கள் நடந்தன. அந்த ஆண்டு அக்டோபரில் அரசு பிரிட்டனி சாலைத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அடுத்த பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் தெ கோல் கெம்பேருக்கு வந்து பேசினார். மண்டலங்களுக்கு அதிகாரம் தரும் வாக்கெடுப்பை அறிவித்ததும் அந்தப் பேச்சில்தான்.

திட்டத்தின் நுணுக்கம் இதுதான்: புதிதாக மோட்டார் சாலை போட்டு அதைத் தனியாருக்குக் கட்டண உரிமையோடு கொடுக்காமல், இருக்கும் தேசிய நெடுஞ்சாலைகளையே அரசுச் செலவில் நான்கு தடமாக அகலப்படுத்தினார்கள். ஆகவே அவை பெயரளவில் மோட்டார் சாலை அல்ல, விரைவுச்சாலை. வேக வரம்பும் 130 அல்ல, 110. சில இடங்களில் நுழைவுத்தடம் குறுகலாக இருப்பதும், இரு வெளியேறும் வழிகள் அருகருகே வருவதும் பழைய சாலையின் மேலேயே புதியதைக் கட்டியதன் விளைவு. வாடகைக் கார் ஓட்டுகிறவர் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

கட்டணமின்மையை அந்த மக்கள் எவ்வளவு தீவிரமாகப் பார்க்கிறார்கள் என்பது 2013இல் தெரிந்தது. கனரக லாரிகளுக்குச் சூழல் வரி வசூலிப்பதற்காகச் சாலைகளின் குறுக்கே கேமரா பொருத்திய இரும்பு வளைவுகளை அரசு நிறுவியது. விவசாயிகளும் லாரி உரிமையாளர்களும் உணவுத் தொழிற்சாலைத் தொழிலாளர்களும் சிவப்புக் குல்லாய் அணிந்து கிளம்பினார்கள். முத்திரைத்தாள் வரியை எதிர்த்து 1675இல் இதே மண்ணில் நடந்த சிவப்புக் குல்லாய்க் கலகத்தின் நினைவு அது. ஆகஸ்டில் மொர்லேக்கு அருகே கிக்லான் வளைவு வீழ்ந்தது. அக்டோபர் 26 அன்று என்-165 மேல் பொன்-தெ-புயியில் காவலர்களோடு மோதல். மூன்றே நாளில் வரி நிறுத்திவைக்கப்பட்டது, பிறகு கைவிடப்பட்டது. பெரும் தொழிலதிபர்களும் வேலையிழக்கும் தொழிலாளர்களும் ஒரே குல்லாய்க்குள் நின்றதை விமர்சித்தவர்களும் உண்டு, அதிலும் நியாயம் இருந்தது.

கடைசியாக நடுப்பகுதி. இரண்டு கரைச் சாலைகளுக்கும் ரயிலுக்கும் ஒரே கதைதான். 2017 ஜூலையில் திறந்த அதிவேகப் பாதையால் பாரிசிலிருந்து ரென்னுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. ஆனால் அந்த ரயிலும் ரென்னில் இரண்டாகப் பிரிந்து, ஒன்று வடகரையோரமாகப் பிரெஸ்டுக்கும் மற்றொன்று தென்கரையோரமாகக் கெம்பேருக்கும் போய்விடுகிறது. நடுவே கிடப்பது கரே. ரோமானியர் காலத்தில் அதன் பெயர் வோர்கியும். மேற்கு முனையின் சாலைகளெல்லாம் அங்கிருந்து விரிந்தன, 27 கிலோமீட்டர் கால்வாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மீட்டர்கேஜ் ரயில் தடங்கள் மீண்டும் கரேயை மையமாக வைத்தே விரிந்து, 1967இல் மூடப்பட்டன. பிரான்சின் வழக்கமான தண்டவாள அகலத்துக்கு மாற்றிய கேங்கான் தடம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. கோடையில் வியே ஷாரூ இசைவிழாவுக்கு ஊர் நிறைகிறது.

அந்த நடுப்பகுதிக்கான சாலை என்-164. ரென்னுக்கு மேற்கே மோந்தோபானில் என்-12இலிருந்து பிரிந்து, லூதெயாக், ரோஸ்த்ரெனென், கரே வழியாக ஷாத்தோலேனில் என்-165ஐத் தொடும் 160 கிலோமீட்டர். 1968 திட்டத்தில் இதுவும் இருந்தது. கரைச் சாலைகள் முடிந்து பல பத்தாண்டுகள் கழிந்த பிறகும், இதில் நான்கு தடம் திடீரென இரண்டு தடமாகச் சுருங்கும் துண்டுகள் மிச்சமிருந்தன. பாரிஸ் பிரிட்டனியைக் கடைசியில் வைத்தது என்று புகார் சொன்னவர்கள் கரேயைக் கடைசியில் வைத்தார்கள். நெரிசலில்லாமல் போக விரும்பினால் இதையே எடுங்கள். கரேயிலிருந்து வடமேற்கே உயெல்கோவாத் பாறைக்காடு வழியாக டி-764 போகும். மொர்லேக்கும் கெம்பேருக்கும் இடையிலான டி-785, அர்ரே குன்றுகளின் மேல் மரமற்ற புதர்வெளியில் ஏறி இறங்கும். உயரம் 385 மீட்டரைத் தாண்டாது; ஆனால் மூடுபனியில் அது மலையாகவே தோன்றும்.

எண்களைப் பற்றி ஒரு குறிப்பு பயன்படும். விரைவுச்சாலை வந்த பிறகு ஊர்களுக்குள் போகும் பழைய நெடுஞ்சாலைத் துண்டுகளை மாவட்டங்களிடம் கொடுத்தபோது, எண்ணைப் பெரும்பாலும் எழுநூறு வரிசைக்கு மாற்றினார்கள். பழைய என்-12 டி-712 ஆனது, என்-165 டி-765 ஆனது, என்-164 டி-764 ஆனது. ஆகவே எழுநூறில் தொடங்கும் மாவட்டச் சாலையைக் கண்டால், ஓதம் முடியும் பழைய பாலத்துக்கு அது உங்களை இறக்கிவிடும் என்று பெரும்பாலும் நம்பலாம். பலகைகளில் ஊர்ப்பெயர் பிரெஞ்சிலும் பிரெத்தோனிலும் இருக்கும்: ரென் ரோவாசொன், வான் குவெனெத், மொர்லே மொந்த்ரூலெஸ். பாதி வழியில் பெயர் மாறிவிட்டதே என்று பதறி அடுத்த வாயிலில் இறங்கிவிடாதீர்கள்; இரண்டும் ஒரே ஊர்தான்.